முதல் வேலைக்குப் போகும் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை வக்கீல்களும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

வடசென்னையிலும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் பக்கமும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் சில இளம் வக்கீல்கள் உட்கார்ந்து, பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு முதன்முதலாக வேலைக்குப் போகப்போகும் பிள்ளைகளோடு பேசுகிறோம். வகுப்பு என்று ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான், கரும்பலகைகூடக் கிடையாது. பிள்ளைகள், அப்பா அம்மாக்கள், கடைக்காரர்கள், மற்ற ஜூனியர் வக்கீல்கள் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி அதே கேள்விகளைக் கேட்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே வைத்திருக்கிறேன், ஒன்றிரண்டு கெட்ட வார்த்தைகளை மட்டும் எடுத்துவிட்டேன்.

வக்கீல்னா கேஸ் நடத்துவீங்க. வேலைக்குப் போறவனுக்கு நீங்க என்னக்கா சொல்லித் தரப்போறீங்க?

இங்கிலீஷ் பேசவும் கம்ப்யூட்டர் தட்டவும் சொல்லித்தர எங்களைவிட நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 முதல் நடக்கிறது, கிண்டியிலும் மற்ற இடங்களிலும் ஐ.டி.ஐ. இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பழக்கம்தான்: கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் காகிதத்தைப் படிப்பது, வாயால் சொன்னதை எப்படியாவது எழுத்தில் வரவைப்பது.

இதை ஏன் முக்கியம் என்கிறோம் என்றால், சம்பளம் வரவில்லை என்று எங்கள் ஆபீஸ்களுக்கு வருகிறவர்களில் பலரிடம் அந்த இடத்தில் வேலை பார்த்தார்கள் என்பதற்கே ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. முதலாளி தரப்பு வந்து நின்று ‘இவர் யாரென்றே தெரியாது’ என்று ஒரே வரியில் சொல்லிவிடும். அதற்கப்புறம் வாய்தா மேல் வாய்தா. சேர்ந்த அன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பியிருந்தால் போதும் என்கிற விஷயத்துக்கு வருடக்கணக்கில் கோர்ட் வாசலில் நிற்பவர்களைப் பார்த்த எரிச்சலில் தொடங்கியதுதான் இந்த ஞாயிறு வேலை.

எவ்ளோ ஃபீஸ்? ஏதாச்சும் கட்சியா நீங்க?

ஃபீஸ் இல்லை, கட்சி இல்லை, பேனர் இல்லை, பெயர்கூட இன்னும் வைக்கவில்லை. டீயும் பிஸ்கட்டும் எங்கள் செலவு.

எனக்கு 16 தான் ஆகுது. வேலைக்குப் போனா போலீஸ் பிடிக்குமா?

உன்னைப் பிடிக்காது, தப்பு நடந்தால் வேலைக்கு வைத்தவரைப் பிடிக்கும். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். அதன்படி 14 வயது முடியாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் கைகொடுப்பது, சினிமா டி.வி.யில் நடிப்பது என்று ஒன்றிரண்டு விலக்குகள் மட்டும் உண்டு. 14 முதல் 18 வரை வேலைக்குப் போகலாம், ஆனால் சுரங்கம், வெடிபொருள், சட்டென்று தீப்பிடிக்கும் பொருள், தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தானது என்று பட்டியலிட்ட வேலைகள் கூடாது. மீறி வைத்தால் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதோடு முடியவில்லை, நேரக் கணக்கும் இருக்கிறது. 18 நிறையாதவரைத் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு, ஓய்வையும் சேர்த்து ஒரு நாளுக்கு 6 மணி நேரம்தான், இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே கூடாது, ஓவர்டைம் கூடாது, வாரம் ஒருநாள் லீவு. தீபாவளி நேரத்தில் தி.நகரில் எந்தக் கடை வாசலில் நின்று பார்த்தாலும் இந்தச் சட்டம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும். ஆனாலும் தெரிந்துவைத்துக்கொள். 16 வயதில் ‘காலை 9 முதல் இரவு 10’ என்று ஒருவர் சொன்னால், வேறு விஷயங்களிலும் அவர் எப்படி இருப்பார் என்பதற்கு அது ஒரு அடையாளம்.

18ன்னு சொல்லிட்டு டெலிவரி ஓட்டலாமா? ஃப்ரெண்டோட ஐ.டி. இருக்கு.

வேண்டாம். 16 வயதில் லைசென்ஸ் என்று சட்டத்தில் இருப்பது 50 சி.சி.க்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டிக்கு. இன்று தெருவில் ஓடும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டியவை. 18 வயதுக்குக் குறைந்தவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோரோ வண்டிக்குச் சொந்தக்காரரோ 3 வருடம் வரை சிறைக்குப் போகலாம், 25,000 ரூபாய் அபராதம் கட்டவேண்டி வரலாம், வண்டியின் பதிவை ஒரு வருடத்துக்கு ரத்து செய்யலாம், உனக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அப்புறம் ஃப்ரெண்டின் ஐ.டி.யில் ஓட்டும்போது விழுந்து கால் உடைந்தால், இன்சூரன்ஸ்காரர்கள் தேடுவது அந்த ஐ.டி.க்காரனை, உன்னை இல்லை.

எனக்கு ஒண்ணுமே தெரியாது. பயோடேட்டாவுல என்ன எழுதறது?

ஒரு பக்கம் போதும். பெயர், ஊர், போன் நம்பர், படிப்பு, தெரிந்த மொழிகள். கீழே ‘செய்த வேலைகள்’ என்று போட்டு உண்மையிலேயே செய்ததை எழுது. இதில்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள். ஒரு பெண் ‘ஒன்றும் செய்ததில்லை’ என்று அரைமணி நேரம் சாதித்துவிட்டு, அம்மாவின் இட்லிக் கடையில் நாலு வருடமாகக் காலையில் கல்லாப் பார்ப்பதைப் போகிற போக்கில் சொன்னாள். கல்லாப் பார்ப்பது, கடன் கணக்கு எழுதுவது, தெருவில் திருவிழாச் சீட்டு வசூலித்தது, எல்லாம் வேலைதான்.

எழுதக் கூடாதவையும் உண்டு: அப்பாவின் வருமானம், ஜாதி, ஆதார் எண். தனியார் கடையில் பயோடேட்டாவில் ஆதார் எண்ணை எழுதிக் கொடுப்பதால் யாருக்கு லாபம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை, ஜெராக்ஸ் கடை சாம்பிளில் இருக்கிறது என்று எல்லாரும் எழுதுகிறார்கள்.

சம்பளம் எவ்வளவுன்னு நாமளே கேட்டா திமிருன்னு நினைக்க மாட்டாங்களா?

வகுப்பில் பாதி நேரம் போவது இந்தக் கேள்விக்குத்தான். எங்களில் ஒருவர் முதலாளியாக உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டே ‘எவ்வளவு எதிர்பார்க்கறே?’ என்று கேட்பார். பத்தில் எட்டுப் பேர் சொல்லும் பதில் ‘நீங்களா பார்த்துக் குடுங்க சார்’. மரியாதை என்று நினைத்துச் சொல்கிறார்கள், நம் வீடுகளில் அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். ஆனால் அந்த ஒரு வரியில் பேரம் முடிந்துவிடுகிறது. அவர் பார்த்துத்தான் கொடுப்பார், எவ்வளவு குறைத்தால் நீ சத்தம் போடமாட்டாய் என்று பார்த்து.

அதனால் நாலு கேள்வியை வாய்விட்டுக் கேட்கப் பழக்குகிறோம். கையில் எவ்வளவு வரும்? எந்தத் தேதியில்? எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? வாரத்தில் எந்த நாள் லீவு? சாருக்குச் சார் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, சிரித்த முகமாகக் கேட்கலாம், அதில் திமிர் எதுவும் இல்லை. முதல் தடவை குரலே வராது, நாலாவது தடவை வந்துவிடும். ஒரு பையன் எங்கள் முதலாளியிடம் திருப்பி ‘போன கீழ வெச்சிட்டுப் பேசுங்க சார்’ என்று சொன்னான், அது கொஞ்சம் அதிகம்.

வெளியே வந்ததும் ஒரு மெசேஜ்: ‘வணக்கம் சார். இன்று பேசியபடி மாதம் 11,000 ரூபாய், காலை 10 முதல் மாலை 7, செவ்வாய் விடுமுறை, வரும் திங்கள் சேர்கிறேன். நன்றி.’ அவர் ‘ஓகே’ என்றோ ஒரு கட்டைவிரலோ போட்டால் அதுவே ஒரு ஆவணம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் மின்னணுப் பதிவுகளையும் உரிய சான்றோடு ஆதாரமாக ஏற்கிறது. ஆகவே அந்த சாட்டை அழிக்காதே, போன் மாற்றினாலும் பத்திரப்படுத்து.

ஒரிஜினல் மார்க்‌ஷீட், டி.சி. எல்லாம் கேக்கறாங்க. சரிபார்த்துட்டு தருவாங்களாமே?

சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும், நீ எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே பார்க்கட்டும். ஜெராக்ஸ் கொடுத்து, அதன் குறுக்கே ‘இன்ன கடைக்கு வேலைக்காக மட்டும்’ என்று எழுதித் தேதி போடு. ஒரிஜினலை வைத்துவிட்டு வராதே. இதில் மட்டும் நாங்கள் வளைந்து கொடுப்பதில்லை. அந்த மார்க்‌ஷீட் அவர்கள் பீரோவில் இருக்கும்வரை நீ சம்பளமும் கேட்கமாட்டாய், லீவும் கேட்கமாட்டாய், வேறு வேலைக்கும் போகமாட்டாய். அவர்கள் வாங்கி வைப்பதே அதற்குத்தான்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்களுக்கு: கல்விச் சான்றிதழ் விற்கிற, அடகு வைக்கிற பொருள் இல்லை, அதைப் பிடித்துவைக்க யாருக்கும் உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதலில் எழுத்தில் கேட்போம், பெரும்பாலும் ஒரு பதிவுத் தபால் போனாலே வந்துவிடும். அதற்குள் அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் உன் மதிப்பெண் பட்டியல் கிடைக்கிறதா என்றும் பார்த்துவிடு.

சேர்றதுக்கு 5,000 கட்டணுமாம், யூனிஃபார்ம், ஐ.டி. கார்டு, ட்ரெய்னிங்குக்கு. நல்ல கம்பெனின்னு சொல்றாங்க.

வேலை கொடுப்பவர் உனக்குக் காசு தருவார், நீ அவருக்குத் தருவதில்லை. கிண்டியிலோ வடபழனியிலோ மாடியில் ஒரு ரூம், ஏ.சி., ரிசப்ஷனில் ஒரு அக்கா, ஏர்போர்ட்டில் வேலை என்று ஒரு போர்டு, இவ்வளவு போதும் ஏமாற்ற. யூனிஃபார்முக்குப் பிடிப்பதாக இருந்தால் சம்பளத்தில் பிடிக்கிறோம் என்று சொல்லட்டும், அதையும் எழுத்தில் வாங்கு.

வீட்டிலிருந்தே வேலை, வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று டெலிகிராமில் வருவது இதன் தம்பி. முதலில் 150 ரூபாய் உன் கணக்குக்கு வரும், அப்புறம் நீ கட்ட ஆரம்பிப்பாய். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அடி. அழுதுவிட்டு மறுநாள் அடித்தால் பணம் பல கணக்கு தாண்டியிருக்கும். இன்னொன்று, உன் வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் ‘மாசம் 3,000 தர்றேன், குடு’ என்று யாராவது கேட்டால் கொடுத்துவிடாதே. திருட்டுப் பணம் அதன் வழியாகப் போனால் வீட்டு வாசலுக்கு வரும் போலீஸ் உன் பெயரைத்தான் கேட்கும்.

இங்கிலீஷ்ல நாலு பக்கம் நீட்டறாங்க, ரெண்டு வருஷம் பாண்டுன்னு சொல்றாங்க. கையெழுத்துப் போட்டா மாட்டிக்குவேனா?

முதலில் வயது. 18 ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903இல் மோகரி பீபி வழக்கிலேயே, பிரிட்டிஷ் காலத்தின் கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது, இன்றும் அதுதான் நிலை. அதனால்தான் சில இடங்களில் அப்பாவையோ அம்மாவையோ ஜாமீன்தாராகக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். பிள்ளையின் கையெழுத்தைவிட அந்தக் கையெழுத்தில்தான் வில்லங்கம். அப்பரண்டிஸ் சட்டப்படியான பயிற்சி ஒப்பந்தம் வேறு, அதில் மைனருக்காகப் பெற்றோர் கையெழுத்துப் போடுவது முறைதான்.

18 ஆகிவிட்டால் கதை மாறும். பாண்டு எல்லாமே செல்லாது என்று யூடியூபில் சொல்கிறார்கள், அது பாதி உண்மை. வேலையை விட்டபின் வேறு எங்கும் சேரக் கூடாது என்று கட்டிப்போடுவது ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் ‘இத்தனை காலம் இருப்பேன், முன்பே போனால் இவ்வளவு தருகிறேன்’ என்பது அப்படியே குப்பைக்குப் போகாது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது பெரிய அதிகாரி வேலை, பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்க உண்மையிலேயே செலவானது. மூன்று நாள் பில்லிங் மெஷின் சொல்லிக்கொடுத்த கடை 1 லட்சம் கேட்டால் அந்தத் தொகைக்கு நியாயம் காட்டியாக வேண்டும், 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் தரச் சொல்கிறது.

கையெழுத்து கேட்டால் சொல்லவேண்டியது: ‘வீட்டில காட்டிட்டு நாளைக்குப் போடறேன் சார்.’ ஒரு நாள்கூடத் தரமுடியாது என்றால் அந்தக் காகிதத்தில் ஏதோ இருக்கிறது. எழுதாத வெள்ளைத் தாளிலோ தேதி போடாத ராஜினாமாவிலோ எந்தக் காலத்திலும் போடாதே.

மூணு மாசம் ட்ரெய்னிங், அதுக்கு சம்பளம் இல்லைன்னு சொல்றாங்களே?

முறையான அப்பரண்டிஸ்ஷிப் என்றால் 1961 சட்டத்தின் கீழ் பதிவான ஒப்பந்தம் இருக்கும், உதவித்தொகை இருக்கும், முடிவில் சான்றிதழ் கிடைக்கும். அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெரிய தொழிற்சாலைகளில் இப்படிச் சேருவது உண்மையிலேயே நல்ல தொடக்கம், ஐ.டி.ஐ. முடித்தவர்கள் விடவேண்டாம். ஆனால் ரிச்சி தெருவில் போன் ரிப்பேர் கடையில் கவுன்ட்டரில் நின்று வியாபாரம் பார்த்துக்கொண்டு அதற்குப் பெயர் ட்ரெய்னிங் என்றால், அது வேலை. வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டு. பயிற்சி என்று பெயர் வைத்ததால் அது இல்லாமல் போகாது.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிச்சா நமக்கு நஷ்டம்தானே? வேணாம்னு சொல்லிடவா?

இதை அப்பாக்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். 12,000 ரூபாய் சம்பளத்தில் முழுத்தொகைக்கும் பி.எஃப். கணக்கிட்டால் உன்னிடமிருந்து 1,440 போகும், முதலாளியும் அதே 1,440 போடவேண்டும். இ.எஸ்.ஐ.க்கு உன் பங்கு 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 390 ரூபாய். அந்த 90 ரூபாய்க்குக் கே.கே. நகர், அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் உனக்கும், சார்ந்திருந்தால் அம்மா அப்பாவுக்கும் வைத்தியம் பார்க்கலாம். வேண்டாம் என்று சொல்வதில் லாபம் முதலாளிக்கு.

பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் பி.எஃப். உண்டு, 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்றால், அதைக் கட்டுகிறார்களா என்று பார். யு.ஏ.என். என்கிற உன் பி.எஃப். எண்ணைக் கேட்டு வாங்கிப் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

லேட்டா போனாலும் பொருள் உடைஞ்சாலும் சம்பளத்துல பிடிக்கறாங்க. பிடிக்கலாமா?

வராத நேரத்துக்குப் பிடிக்கலாம், அந்த நேரத்துக்கு மட்டும். பத்து நிமிடம் லேட்டுக்கு அரைநாள் சம்பளம் என்பது கணக்கில் வராது. அபராதம் என்று தனியாகப் போட்டால் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, போடுவதற்கு முன் உன்னிடம் விளக்கம் கேட்கவேண்டும். பொருள் உடைந்ததற்குப் பிடிக்க, அது உன் பொறுப்பில் ஒப்படைத்த பொருளாகவும் உன் கவனக்குறைவால் போனதாகவும் இருக்கவேண்டும். வாடிக்கையாளரின் குழந்தை தள்ளிவிட்ட கண்ணாடி ஜாடிக்கு நீ ஏன் கட்டவேண்டும்?

எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. ஊதியச் சட்டத் தொகுப்பு 2019இல் வந்து, மற்ற மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோடு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. முன்பு 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் இருந்தவை பல இப்போது இதில் இருக்கின்றன.

ஜவுளிக் கடையில 10 மணி நேரம் நிக்கவே சொல்றாங்க, கால் வீங்கிடுது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எல்லாக் கடையிலும் ஊழியர் உட்கார வசதி இருக்கவேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விடவேண்டும். ரங்கநாதன் தெருவில் வருடக்கணக்காக நின்றே வேலை பார்த்த அக்காக்களின் வெரிகோஸ் நரம்புதான் இந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார் என்கிறார்கள். தனியாகக் கேட்காதே, நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

பொண்ண அனுப்பவே பயமா இருக்கும்மா. ஏதாச்சும் ஆச்சுன்னா யார்கிட்ட சொல்றது?

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகாருக்கென்று உள்புகார்க் குழு இருக்கவேண்டும் என்பது 2013 சட்டம். சின்னக் கடை என்றால், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் தருவார்கள். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098.

18 ஆகாத பிள்ளைக்கு நடந்தால் அது போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். இதை வகுப்பின் முதல் நாளே சொல்லிவிடுகிறோம்: அப்படி ஒன்றை எங்களிடம் சொன்னால் நாங்கள் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியாது, புகார் செய்தே ஆகவேண்டும், சட்டம் அப்படி. இதனால் சில பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளலாம் என்று எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. ஆனால் முன்கூட்டியே சொல்லாமல் பேசவைத்துவிட்டுப் பிறகு போலீஸுக்குப் போவது அதைவிட மோசம் என்று முடிவு செய்தோம்.

விட்டுட்டு வந்துட்டேன், கடைசி மாச சம்பளம் தர மாட்டேங்கறாங்க.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வரவேண்டும். நீயாக விட்டாலும் அவர்களாக அனுப்பினாலும், கணக்கு முடித்துப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தரவேண்டும் என்பது மேலே சொன்ன ஊதியத் தொகுப்பில் உள்ள விதி. முதலில் ஒரு மெசேஜ், அப்புறம் பதிவுத் தபால், அப்புறம் லேபர் ஆபீஸ். தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. கேட்க மூன்று வருடம் வரை அவகாசம் உண்டு, ஆனால் மூன்று வாரத்துக்குள் வந்தால்தான் சாட்சி சொல்லும் நண்பன் இன்னும் அந்தக் கடையை நினைவில் வைத்திருப்பான்.

முதலில் எழுதிய மெசேஜ் பழக்கம் கைகொடுப்பது இப்போதுதான். அது இல்லை என்றால் யூனிஃபார்மில் எடுத்த செல்ஃபி, கடை வாட்ஸ்அப் குரூப், ஜி.பே.யில் வந்த முன்பணம், எதுவாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு வா.

கம்போடியாவுல டேட்டா என்ட்ரியாம், 70,000 சம்பளம். டிக்கெட்டும் அவங்களே போடறாங்க.

போகாதே. 2022இல் மியான்மரின் மியாவாடியில் சிக்கி மீட்டுக் கொண்டுவரப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள், அவர்களுக்கும் இதே மாதிரி கம்ப்யூட்டர் வேலை என்றுதான் சொன்னது. ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசில் பதிவு செய்திருக்கவேண்டும், இமைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்ன இடத்திலேயே எழுந்து வந்துவிடு.

எங்க கேஸை நீங்களே எடுத்து நடத்துவீங்களா?

வகுப்பில் பார்த்த பிள்ளையின் கேஸை எங்களில் யாரும் எடுப்பதில்லை. வக்கீல் ஆள் பிடிக்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 36. இலவச வகுப்பு என்று கூட்டிவைத்து வாடிக்கையாளர் சேர்த்தால் அது அதேதான். அதனால் விசிட்டிங் கார்டுகூடக் கொண்டுவருவதில்லை.

உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 கட்டணமில்லா எண். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் தருவார்கள். மனு எழுதித் தருவது, கூட வந்து முதல் தடவை வழிகாட்டுவது வரை நாங்கள் செய்வோம்.

எங்க கடைப் பசங்களை எங்களுக்கு எதிரா தூண்டி விடறீங்களா?

இதைக் கேட்டவர் பாண்டி பஜாரில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. வந்து ஒரு வகுப்பு உட்காருங்கள் என்றேன், வந்தார். அன்று நாங்கள் பேசியது லீவு போட்டால் முதல்நாளே சொல்வது, கல்லாவை எண்ணாமல் கைமாற்றாதது, போனை அணைத்துவிட்டுக் காணாமல் போகாமல் ‘வேலையை விடுகிறேன்’ என்று சொல்லிவிட்டு விலகுவது. அவருக்கு ஆச்சரியம். போகும்போது தமிழில் ஒரு பக்கத்தில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எழுதித் தரமுடியுமா என்று கேட்டார், தந்தோம். இரண்டு பக்கத்துக்கும் எழுத்து இருந்தால் அவருக்கும் தலைவலி குறைவு.

நான் ஜூனியர், எனக்கே சீனியர் ஒழுங்கா தர்றதில்ல. நான் வந்து என்னத்த சொல்லிக் குடுக்க?

வாங்க. நம் கதை தனி அழகு. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 குறைந்தது தரவேண்டும் என்று பார் கவுன்சிலுக்குச் சொன்னது. கோர்ட் சொல்லி முடித்த அந்த மாதம் என் கைக்கு வந்தது எவ்வளவு என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வகுப்பில் ஒரு பெண் ‘உங்களுக்கு எழுத்துல குடுத்தாங்களாக்கா?’ என்று கேட்டாள். என் சீனியர் சேர்ந்த அன்று சொன்னது ‘பார்த்துக்கலாம்மா’. நானும் சரி சார் என்றுதான் சொல்லியிருந்தேன்.

வருவதாக இருந்தால் முதல் இரண்டு ஞாயிறு சும்மா உட்கார்ந்து கேளுங்கள். பிரிவு எண்களாகக் கொட்டாதீர்கள். மைனர் பிள்ளையோடு தனியாக உட்காரக் கூடாது, எப்போதும் இரண்டு பேர். சட்டக் கல்லூரி மாணவர்களும் வரலாம்.

என் பையன் உங்க கிளாஸுக்கு வந்ததுல இருந்து எந்த வேலையிலயும் நிக்க மாட்டேங்கறான். இதுக்கு என்ன சொல்றீங்க?

இதைக் கேட்டவர் வியாசர்பாடியில் இருந்து காய்கறிப் பையோடு நேராக வந்த ஒரு அம்மா, எல்லார் முன்னாடியும் கேட்டார். பையனுக்கு 19 வயது. ஒரு கடையில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் தரவில்லை என்று வந்துவிட்டான், இன்னொன்றில் சம்பளத்தைக் கையில் ரொக்கமாகத் தருகிறார்கள் என்று வந்துவிட்டான். மூன்று மாதம் வீட்டில். தப்பு எங்களுடையது. எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்லியிருந்தோம், எதை விட்டுக்கொடுக்கலாம் எதை முடியாது என்று பிரித்துச் சொல்லவில்லை. வக்கீலுக்கு எல்லாம் விதிதான், வாடகை கட்டவேண்டிய வீட்டுக்கு அப்படி இல்லை.

இப்போது இப்படிச் சொல்கிறோம். கேட்டால் உடனே எழுந்து வரவேண்டியவை மூன்று: ஒரிஜினல் சான்றிதழை வைத்துவிட்டுப் போகச் சொல்வது, நம்மிடம் முன்பணம் கேட்பது, வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்பது. மற்றதெல்லாம் சேர்ந்தபின் கேட்டு வாங்குபவை. பத்துப் பேர் உள்ள இடத்தில் நியமன ஆணை தருவது புதிய தொகுப்புகளில் ஒன்றின்படி கடமை, நாலு பேர் கடையில் அது நடக்காது, மெசேஜ் போதும். ரொக்கமாகத் தருவதே தப்பு என்று சட்டம் சொல்லவில்லை, ஒரு நோட்டில் எழுதி வை.

பையன் இப்போது டூவீலர் சர்வீஸ் ஷெட் ஒன்றில் இருக்கிறான், சம்பளம் கையில்தான் வருகிறது. 40 பக்க நோட்டில் தேதி, தொகை, கொடுத்தவர் பெயர் எழுதுகிறான். கையெழுத்துக் கேட்க இன்னும் தைரியம் வரவில்லையாம். அந்த அம்மா மார்க்கெட்டில் பார்த்தால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறார்.